மழைக்காலத்தில் சந்தியாகோ தே கொம்போஸ்தெலா: அம்மாவை அழைத்துச் செல்லலாமா?

சிப்புட் மகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அம்மாவுக்கு இப்போது வயது 69. மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே உள்ள ரப்பர் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். எங்கள் லயத்துக்குப் பின்னால் இருந்த சிறிய கோயிலில் குதிரைமீது அமர்ந்த சந்தியாகப்பர் (இயேசுவின் சீடரான யாக்கோபு) சுரூபம் ஒன்று உண்டு. ஆண்டுதோறும் ஜூலை 25-ஆம் நாள் அதற்குப் பூமாலை கட்டுவது அம்மாவின் பொறுப்பு. தோட்டம் துண்டாடப்பட்டு நாங்கள் டவுனுக்குக் குடிவந்த பிறகும், அந்தப் புனிதரின் கல்லறை எங்கே இருக்கிறதோ அங்கே ஒருமுறை போய் நிற்க வேண்டும் என்பதை அவர் சொல்லாத ஆண்டு இல்லை.

இந்த ஆண்டுதான் அண்ணனுக்கும் எனக்கும் கையில் பணமும் விடுப்பும் சேர்ந்து அமைந்தன. தீபாவளி முடிந்து நவம்பர் பின்பாதியில் புறப்பட்டு, ஸ்பெயின் நாட்டுக்குப் போய், மத்ரீதில் மூன்று நாளும் அந்தக் கல்லறை உள்ள சந்தியாகோவில் நான்கு இரவும் தங்குவதாகத் திட்டமிட்டிருக்கிறோம். ஆனால் பயணச்சீட்டு எடுத்துத் தருகிறவர், நவம்பரில் அந்த ஊரில் விடாமல் மழை பெய்யும், விடுதி அறைக்குள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான், பேசாமல் தெற்கே உள்ள சேவில்யாவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று மூன்று முறை சொல்லிவிட்டார். அண்ணனும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டார். அம்மாவிடம் கேட்டதற்கு, "மழை பெய்தால் வெட்டுத்தான் இல்லை, கோயில் திறந்துதானே இருக்கும்?" என்று சொல்லிவிட்டுச் சமையலுக்குப் போய்விட்டார்.

அங்கே மழைநாளில் சென்று வந்தவர்கள் யாரேனும் இருந்தால் உண்மை நிலையைச் சொல்லுங்கள். மழை எப்படிப்பட்டது? நனையாமல் பார்க்கக்கூடியவை எவை? அம்மாவுக்கு இரண்டு முட்டியிலும் வலி உண்டு. அரை மணி நேரம் நடப்பார், அதற்குமேல் உட்கார இடம் வேண்டும்.

பாடாங் ரெங்காஸ் வாத்தியார் எழுதியது:

மகளே, திட்டத்தை மாற்ற வேண்டாம். ஓய்வுபெற்ற பிறகு நானும் என் துணைவியாரும் ஒரு நவம்பரில் அந்த ஊரில் ஆறு இரவு தங்கினோம். அவற்றுள் ஐந்து நாள் மழை. ஆறாம் நாள் வெயில் வந்தபோது, ஊரே வேறு யாருடையதோ போலத் தோன்றியது என்று என் துணைவியார் சொன்னார். அதை நான் இன்றுவரை நினைத்துக்கொள்வதுண்டு.

முதலில் மழையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊர்க்காரர்கள் மழை என்றதும் நினைப்பது ஒன்று, அங்கே பெய்வது இன்னொன்று. அளவை மட்டும் பார்த்தால் அங்கே ஓராண்டில் பெய்வது ஏறத்தாழ 1,800 மில்லிமீட்டர். நம் பக்கத்தில் இருக்கும் தைப்பிங்கில் பெய்வதில் அது ஏறக்குறைய பாதிதான். நமக்கு மத்தியானம் கறுத்து, இடியோடு ஒரு மணி நேரம் ஊற்றி, பிறகு வெறித்துவிடுகிறது. அங்கேயோ அட்லாண்டிக் கடலிலிருந்து மேகக் கூட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேற்கே இருந்து வந்து, அந்த ஊர் இருக்கும் கலீசியா மாநிலத்தின் மலைகளில் மோதுவதால், ஆண்டில் ஏறத்தாழ 140 நாள் மழைநாளாகவே இருக்கிறது. ஆனால் அந்த மழையில் பெரும்பகுதி சல்லடையில் சலித்தது போன்ற தூறல். அந்த மக்கள் அதை 'ஒர்பாய்யோ' என்கிறார்கள். இடியோடு வருவதற்கு வேறு சொல், அடித்து ஓய்வதற்கு வேறு சொல் என்று மழைக்கே அவர்கள் மொழியில் பல பெயர்கள் இருக்கின்றன. நாம் தூறல், சாரல், அடைமழை என்று பிரித்துச் சொல்வதைப் போலத்தான்.

அந்தத் தூறலோடு வாழ்வதற்கென்றே கட்டிய ஊர் அது. ருவா தோ விலார், ருவா நோவா என்ற இரண்டு பழைய தெருக்களில் வீடுகளின் கீழ்த்தளம் உள்வாங்கி, மேல்தளம் கருங்கல் தூண்களின்மேல் தெருவோரமாக நீண்டு நிற்கிறது. அதற்கடியில் நடந்தால் குடையே தேவையில்லை. படித்தபோது புரியாதது அங்கே நின்றபோது புரிந்தது: அது நம் சிப்புட் கடைவீதியின் அஞ்சடியேதான் (கடைகளுக்கு முன்னால் கூரையோடு உள்ள நடைபாதை), கருங்கல்லில் கட்டப்பட்ட அஞ்சடி. ஒவ்வொரு வீட்டுக்காரரும் தம் வசதிக்குக் கட்டியதால் ஒரு தூண் உருண்டை, அடுத்தது சதுரம், ஒரு வளைவு உயரம், அடுத்தது தாழ்வு. ஒரு தூணில் கையை வைத்துப் பார்த்தேன். இடுப்பளவு உயரம் வரை தோளும் கூடையும் உரசி வழவழப்பாகியிருந்தது, அதற்குமேல் கல் சொரசொரப்பாகவும் பாசியேறியும் இருந்தது. எதிர்ப்பக்கத்துக் கூரையிலிருந்து கல் தூம்பு வழியாக விழும் தண்ணீர் தெரு நடுவே கற்பலகைகளில் தெறித்துக்கொண்டே இருக்கும். அந்த ஓசையைக் கேட்டுக்கொண்டு ஒரு மாலைப் பொழுது முழுவதும் நாங்கள் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். சந்தியாகப்பரின் கல்லறை உள்ள பேராலயத்தின் கருங்கல் முகப்பு வெயிலில் வெளிறிக் கிடக்கும். நனைந்தால்தான் அதில் படர்ந்த பாசியின் பச்சையும் மஞ்சளும் எழுந்து வரும். இந்த ஒரு காட்சிக்காகவே மழைநாளில் போகலாம் என்பது என் முடிவு.

பழைய ஊர் மிகச் சிறியது. ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் கால்மணி நேரம் நடந்தால் போதும் என்பதால், அம்மா களைத்த இடத்தில் ஒரு காப்பிக்கடைக்குள் நுழைந்துவிடலாம்.

மழை வலுக்கும் நாளில் ஊரின் வடகிழக்கு ஓரத்தில் உள்ள பொனாவால் மடத்துக்குப் போங்கள். தொமினிக்கர் என்ற துறவியரின் பழைய மடமான அதற்குள் இப்போது கலீசிய மக்கள் அருங்காட்சியகம் இருக்கிறது. உழவு, மீன்பிடி, தறி, கொல்லுப்பட்டறை என்று உழைக்கும் மக்களின் கருவிகளையே வைத்திருக்கிறார்கள். உளியும் வாளியும் பிடித்த உங்கள் அம்மாவுக்கு மாளிகைகளைவிட இது நெருக்கமாக இருக்கும். அந்நாட்டு உழவர்கள் மழையில் போட்டுக்கொள்ளக் கோரைத் தட்டையால் அடுக்கடுக்காக முடைந்த 'கொரோசா' என்ற மேலாடையைப் பற்றித் தெரிந்துகொண்டபோது, சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பிரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு) போன என் தாயாரை நினைத்துக்கொண்டேன். அந்த மடத்தில் தொமிங்கோ தே அந்திராதே என்ற கட்டடக் கலைஞர் அமைத்த படிக்கட்டு ஒன்று உண்டு. ஒரே கூண்டுக்குள் மூன்று படிவரிசைகள் ஒன்றையொன்று தொடாமல் சுழன்று ஏறுகின்றன. ஒவ்வொன்றும் போய்ச் சேரும் தளம் வேறு. அம்மா ஏற வேண்டியதில்லை, கீழே நின்று அண்ணாந்து பார்த்தாலே போதும். பக்கத்துக் கோயிலில் கலீசிய மொழியின் பெரும் கவிஞர் ரொசாலியா தே காஸ்த்ரோவின் கல்லறை இருக்கிறது. அவர் 1885-இல் மறைந்தவர். திங்கட்கிழமை அருங்காட்சியகம் திறப்பதில்லை.

சந்தைக்கும் ஒரு காலைப் பொழுதை ஒதுக்குங்கள். நம் பாசாரைப் போலத்தான், ஆனால் கருங்கல் கூடங்களுக்குள். ஞாயிற்றுக்கிழமை கிடையாது. நண்டு, சிப்பி, கிழவிகள் தம் தோட்டத்திலிருந்து கொண்டுவந்து விற்கும் கீரைக்கட்டு எல்லாம் உண்டு.

மழை எப்போதாவது விடும். அப்போது கையிலுள்ள வேலையை விட்டுவிட்டு நேராக அலமேதா பூங்காவுக்குப் போய்விடுங்கள். அங்கிருந்து பார்த்தால் பேராலயத்தின் கோபுரங்கள் ஊர்க்கூரைகளுக்கு மேலே முழுமையாகத் தெரியும். நவம்பர் கடைசியில் அங்கே காலை எட்டரை மணிக்குமேல்தான் பொழுது விடியும், மாலை ஆறு மணிக்கு இருட்டத் தொடங்கிவிடும். நம்மைப்போல் ஆறு மணிக்கே எழுந்து கிளம்பினால் இருட்டில்தான் நிற்க வேண்டும்.

சேவில்யாவும் நல்ல ஊர்தான், மழையும் குறைவுதான். ஆனால் சந்தியாகப்பரைப் பார்க்க வேண்டும் என்பவரை அங்கே கொண்டுபோய் என்ன செய்வது?

தாதி தங்கை எழுதியது:

வாத்தியார் ஐயா சொன்ன அழகெல்லாம் உண்மை. ஆனால் அக்கா, அந்தக் கருங்கல் தரை நனைந்தால் எவ்வளவு வழுக்கும் என்பதை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். முட்டி வலி உள்ளவருக்கு அதுதான் முதல் செய்தி.

பேராலயத்துக்குப் பின்னால் கின்தானா என்ற சதுக்கம் இருக்கிறது. அகலமான படிக்கட்டு ஒன்று அதை மேல், கீழ் என்று இரண்டாகப் பிரிக்கிறது. மேலே உள்ளதை உயிரோடிருப்பவர்களின் கின்தானா என்றும், முன்பு இடுகாடாக இருந்த கீழ்ப்பகுதியை இறந்தவர்களின் கின்தானா என்றும் சொல்கிறார்கள். அந்தப் படிகளில் மூன்றாவது படியில் நான் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். எலும்பு முறியவில்லை, ஆனால் இரண்டு நாள் நொண்டிக்கொண்டு நடந்தேன். காலணியின் அடிப்பகுதி தேய்ந்திருந்ததுதான் காரணம். அம்மாவுக்கு ஆழமான வரிகள் உள்ள ரப்பர் அடிப்பகுதியோடு, கணுக்காலைப் பிடிக்கும் காலணி வாங்கி, புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே வீட்டில் போட்டுப் பழக்குங்கள். புதுக்காலணியை அங்கே போய்ப் போட்டால் கொப்புளம் வரும். படிகளில் எப்போதும் ஓரமாக, சுவரையோ கைப்பிடியையோ பற்றிக்கொண்டு இறங்கச் சொல்லுங்கள்.

குடையை நம்ப வேண்டாம். சந்துமுனைகளில் காற்று திரும்பி அடிக்கும்போது குடை மல்லாந்துவிடும், குடையைப் பிடித்த கையால் வேறெதையும் பிடிக்கவும் முடியாது. முழங்கால் வரை வரும் மழைக்கோட்டுதான் சரி. குளிர் பகலில் 13, 14 பாகை, இரவில் ஏழு பாகை அளவில் இருக்கும். கேமரன் மலையின் குளிர் தெரிந்தவர்கள் இதைத் தாங்கிக்கொள்ளலாம், ஆனால் ஈரத்தோடு சேர்ந்தால் அந்தக் குளிர் முட்டிக்குள் இறங்கும். ஒரே தடிப்பான சட்டையைவிட மெல்லிய உடைகள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவது நல்லது. கைப்பையில் எப்போதும் ஒரு சோடி காய்ந்த காலுறை இருக்கட்டும். இரவில் காலணிக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து வைத்தால் காலைக்குள் ஈரத்தை இழுத்துவிடும்.

இன்னொன்று: விடுதியைப் பழைய ஊருக்குள்ளேயே எடுங்கள், ஆனால் மின்தூக்கி உண்டா என்று எழுதிக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய வீடுகளை விடுதியாக்கியிருப்பதால் பலவற்றில் படிக்கட்டு மட்டும்தான். நாங்கள் தங்கிய இடத்தில் மூன்று மாடி ஏற வேண்டியிருந்தது, அதை முன்கூட்டி யாரும் எங்களிடம் சொல்லவில்லை.

சிப்புட் மகள் எழுதியது:

ஐயாவுக்கும் தங்கைக்கும் நன்றி. அண்ணனுக்கு இரண்டையும் படித்துக் காட்டினேன். மின்தூக்கியைப் பற்றி நாங்கள் நினைத்தே பார்க்கவில்லை. இன்னும் இரண்டு கேள்விகள். பேராலயத்துக்குள் எதை முதலில் பார்ப்பது, எங்கே வரிசை நீளம், அம்மா எங்கே உட்காரலாம்? அடுத்து, அம்மா மாட்டிறைச்சி சாப்பிடமாட்டார், சூடான சோறு இல்லாமல் அவருக்கு ஒரு நாள் முடியாது. என்ன செய்வது?

மாதா கோயில் தெருக்காரர் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். பேராலயத்தைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் 'பார்த்துவிட்டு வருவது' என்ற கணக்கில் உங்கள் அம்மா அங்கே போகவில்லை.

புனிதரின் பெயரிலிருந்தே தொடங்கலாம். யாக்கோபு என்பதன் பழைய வழக்குத்தான் யாகப்பர். புனித யாக்கோபு என்பது அந்நாட்டு மக்களின் வாயில் 'சந்தியாகோ' ஆனது. போர்த்துகீசியக் குருமார் வழியாக நம்மிடம் வந்து 'சந்தியாகப்பர்' ஆனது. அம்மா தோட்டத்துக் கோயிலில் கூப்பிட்ட பெயர்தான் அந்த ஊரின் பெயர். மலாக்காவில் 1511-இல் போர்த்துகீசியர் எழுப்பிய கோட்டையில் எஞ்சி நிற்கும் வாயிலுக்கும் 'போர்த்தா டி சந்தியாகோ' என்றுதான் பெயர். பள்ளிச் சுற்றுலாவில் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொண்ட நம்மில் பலர், அது யார் பெயர் என்று கேட்டதில்லை.

ஒன்பதாம் நூற்றாண்டில் அங்கே அப்போஸ்தலரின் கல்லறை கண்டெடுக்கப்பட்டதாக மரபு சொல்கிறது. இப்போதுள்ள பேராலயத்தின் வேலை 1075-இல் தொடங்கி, 1211-இல் அது அபிஷேகம் செய்யப்பட்டது. ஆங்கிலேயக் கடற்படைக்கு அஞ்சி 1589-இல் அருளிக்கங்களை (புனிதரின் எலும்புகளை) மறைத்து வைத்தார்கள். மறைத்த இடமே மறந்துபோய், 1879-இல் தோண்டியெடுத்தார்கள். திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் (லியோ) 1884-இல் அவற்றை உறுதிப்படுத்தினார். இன்று பீடத்துக்குக் கீழே சிறிய நிலவறையில் வெள்ளிப் பேழைக்குள் இருப்பவை அவை. இறங்குவதற்குக் குறுகலான படிகள் உண்டு, பின்னால் வருகிறவர்களுக்காக அவசரப்பட வேண்டாம் என்று அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பீடத்துக்குப் பின்னால் சில படிகள் ஏறினால் அப்போஸ்தலரின் பெரிய சுரூபத்தைப் பின்புறமாக நின்று கட்டித் தழுவலாம். அங்கு வருகிறவர்கள் நூற்றாண்டுகளாகச் செய்து வருவது இது. மழைக்கால வாரநாளில் வரிசை குறைவாக இருக்கும், ஆகவே காலையில் முதல் வேலையாக இதைச் செய்துவிடுங்கள். முதுகுப்பைகளையும் பெட்டிகளையும் உள்ளே விடுவதில்லை.

மகிமை வாயில் என்று பெயர் பெற்ற உள்முகப்பை மத்தேயோ என்ற கலைஞர் அமைத்தார். அவர் பெயரும் 1188 என்ற ஆண்டும் கல்லிலேயே இருக்கின்றன. இருநூறுக்கு மேற்பட்ட உருவங்கள், ஒன்றிலும் அடுத்ததன் முகம் இல்லை. இறைவாக்கினர் தானியேல் சிரித்துக்கொண்டு நிற்பார். பல ஆண்டுச் சீரமைப்பு 2018-இல் முடிந்தபிறகு பழைய வண்ணங்களும் தெரிகின்றன. நடுத்தூணில் ஐந்து குழிகளைக் காணலாம்: வந்தவர்கள் எல்லாம் ஒரே இடத்தில் ஐந்து விரலையும் ஊன்றி வேண்டியதால் கல் அப்படிக் குழிந்திருக்கிறது. இப்போது தொட விடுவதில்லை. படம் எடுக்கவும் கூடாது. இதற்குத் தனிச் சீட்டும் குறித்த நேரமும் உண்டு, வீட்டிலிருந்தே இணையத்தில் எடுத்துவிடுங்கள்.

எந்த நாளில் போவது என்பதைப் பற்றி வாத்தியார் ஐயா ஒன்றும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன், ஏனென்றால் பயண நாளைச் சற்றே நகர்த்தினால் அம்மாவுக்குப் பெரிய பேறு கிடைக்கும். அந்தப் பேராலயத்தில் 'போத்தாஃபுமெய்ரோ' என்ற தூபக்கலசம் இருக்கிறது. எடை 53 கிலோ, உயரம் ஒன்றரை மீட்டர், இப்போதுள்ளது 1851-இல் செய்தது. எட்டுப் பேர் கயிற்றைப் பிடித்து இழுக்க, அது புகையைக் கக்கிக்கொண்டு பீடத்தின் குறுக்கே கூரையைத் தொடும் அளவுக்கு ஊசலாடும். மழையிலும் சேற்றிலும் நடந்து வந்து உள்ளேயே படுத்துக்கிடந்த திருப்பயணிகளின் வாடையைப் போக்கவும் அக்காலத்தில் அது பயன்பட்டது என்பார்கள். தினமும் அதை ஆட்டமாட்டார்கள். குறிப்பிட்ட பெருவிழாக்களில்தான் ஆட்டுவார்கள், அவற்றுள் கிறிஸ்து அரசர் பெருவிழாவும் ஒன்று. அது திருவருகைக் காலத்துக்கு முந்தைய ஞாயிறு, அதாவது நவம்பர் 20-க்கும் 26-க்கும் இடையில் வரும். உங்கள் நான்கு இரவுக்குள் அந்த ஞாயிறு இருக்கட்டும். பகல் 12 மணிப் பூசைக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய், பீடத்துக்கு இடப்பக்கமோ வலப்பக்கமோ உள்ள குறுக்கு இறக்கைகளில் உட்கார்ந்துகொள்ளுங்கள். கலசம் ஆடுவது அந்தத் திசையில்தான். உட்கார இடமும் ஆயிற்று, மழைக்கு ஒதுங்கியும் ஆயிற்று.

ஜூலை 25 ஞாயிற்றுக்கிழமையில் விழும் ஆண்டு அங்கே யூபிலி ஆண்டு, அதாவது புனித ஆண்டு. அடுத்தது 2027, அதற்குப் பிறகு 2032. அப்போதுதான் புனிதக் கதவு திறக்கும். அதற்காகக் காத்திருக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். அந்த ஆண்டின் கூட்டத்தில் 70 வயதுக்காரரை நிற்கவைப்பதைவிட, மழையும் அமைதியுமான இந்த நவம்பரே மேல் என்பேன்.

பாடாங் ரெங்காஸ் வாத்தியார் எழுதியது:

தாதி தங்கை சொன்னது சரி, வழுக்கலை நான் சொல்லியிருக்க வேண்டும். பெருவிழா ஞாயிறு பற்றிய யோசனையும் மிக நன்று.

சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். 'கால்தோ' என்று ஒரு சூப்பு எல்லாக் கடையிலும் கிடைக்கும்: உருளைக்கிழங்கு, வெள்ளைப் பயறு, சற்றுக் கசக்கும் டர்னிப் கீரை. ஈரத்தில் நடந்து வந்தவருக்கு அதைவிட நல்லது எதுவும் இல்லை. பன்றிக் கொழுப்புச் சேர்ப்பார்கள், வேண்டாதவர் முன்னதாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். கடலுணவு தாராளம். சோறு கிடைக்கும், ஆனால் மீனோடும் சிப்பியோடும் குழைய வைத்ததாக இருக்கும். வெறும் சோறுதான் வேண்டும் என்றால் சமையலறை உள்ள விடுதி எடுத்து, பொன்னி அரிசி இரண்டு கிலோவும் ஊறுகாயும் கொண்டுபோங்கள், நாங்கள் அப்படித்தான் செய்தோம். பாதாம், முட்டை, சர்க்கரை மூன்றையும் கொண்டு சுட்டு, மேலே சீனித்தூளால் சந்தியாகப்பரின் சிலுவை வரைந்த பணியாரம் ஒன்று உண்டு, அம்மாவுக்கு அதை வாங்கிக் கொடுங்கள். நவம்பரில் சுட்ட கஷ்கொட்டையும் கிடைக்கும், ஒரு பொட்டலம் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டால் விரல்களுக்கும் சூடு. மதிய உணவு இரண்டு மணிக்கு, இரவு உணவு ஒன்பது மணிக்கு. இடையில் அடுப்பு அணைந்திருக்கும் என்பதால் மருந்து சாப்பிடுகிறவர் கையில் ஏதாவது வைத்திருக்க வேண்டும்.

சிப்புட் மகள் எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. சேவில்யாவை விட்டுவிட்டோம். திங்கள் முதல் வெள்ளி வரை என்றிருந்ததை வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்து செவ்வாய்க்கிழமை புறப்படும்படி மாற்றச் சொல்லி, அந்தப் பெருவிழா ஞாயிறு நடுவில் வருமாறு ஏற்பாடு செய்துவிட்டோம். திங்கட்கிழமை அருங்காட்சியகம் இல்லை என்பதால் அதைச் சனிக்கிழமை மதியத்துக்கும், சந்தையை அன்று காலைக்கும் வைத்திருக்கிறோம். மின்தூக்கி உள்ள விடுதி ஒன்று சந்தைக்கு அருகிலேயே கிடைத்தது, சமையலறையும் உண்டு.

நேற்று ஈப்போவில் காலணி வாங்கினோம். அம்மா அதைத் திருப்பிப் பார்த்து, அடிப்பகுதியை நகத்தால் கீறி, "நல்ல ரப்பர்தான்" என்றார். இன்று காலையிலிருந்து அதைப் போட்டுக்கொண்டுதான் வீட்டில் நடக்கிறார்.